சவர்க்காரம் கேட்ட பெண்

போயர் யுத்தம் எங்களில் பலருக்குப் பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் வரும் ஒரு வரிதான். தியத்தலாவையில் போயர் கைதிகளை வைத்திருந்தார்கள் என்பது இன்னும் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1900 ஓகஸ்ட் முதல் ஏறத்தாழ 5,000 கைதிகளை பிரித்தானியர் தென்னாபிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகும் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமற் போன ஏங்கல்பிரெக்ட் என்பவர்தான் பின்னர் யால சரணாலயத்தின் முதலாவது காப்பாளரானார். சுற்றுலா வழிகாட்டிப் புத்தகங்களில் இந்தக் கதை சுவாரசியமாக வரும்.

இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் ஆண்கள். சண்டையில் பிடிபட்டவர்கள். அவர்களுடைய மனைவிமாரும் பிள்ளைகளும் வயதான தாய்மாரும் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள்? அதை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்வதில்லை. அதைப் போய்ப் பார்த்து எழுதி வைத்தவர் எமிலி ஹொப்ஹவுஸ் என்ற பிரித்தானியப் பெண். அவர் இறந்து நூறு ஆண்டுகள் ஆகின்றன.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில், களத்திலிருந்து எழுதுவது பற்றிய ஒரு பாடத்துக்காகத் தேடியபோதுதான் அவருடைய 1901ஆம் ஆண்டு அறிக்கை என் கைக்கு வந்தது. நான் முகாமிலிருந்து வெளியே வந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கொடுமைகளின் பட்டியலாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். உள்ளே இருந்தது தண்ணீர், விறகு, கட்டில், சவர்க்காரம். ஒரு கூடாரத்தில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், பால் எந்த நேரம் வருகிறது, வந்தால் எத்தனை பிள்ளைகளுக்குப் போதும். முகாமில் இருந்த எவருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. பௌசர் வரும் நேரத்தை வைத்து நாளைப் பிரித்து வாழ்ந்தவர்கள் நாங்கள்.

எமிலி 1860 ஏப்ரல் 9ஆம் திகதி இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வாலில், சென்ற் ஈவ் என்ற சிறிய கிராமத்தில் பிறந்தார். தந்தை அங்கிலிக்கன் மதகுரு. தாய் இறந்தபோது எமிலிக்கு 20 வயது. அதன் பிறகு 14 ஆண்டுகள் நோயாளியான தந்தையைப் பராமரித்துக்கொண்டு குருமனையிலேயே இருந்தார். தம்பி லெனாட் ஒக்ஸ்போர்ட் போய்ப் படித்துப் பின்னாளில் பெயர்பெற்ற சமூகவியலாளரானார். அக்காவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1895இல் தந்தை இறந்த பிறகுதான், 34 வயதில், அவர் முதன்முறையாகத் தன் விருப்பப்படி ஓரிடத்துக்குப் போனார். போன இடம் அமெரிக்காவின் மினசோட்டாவில் கோர்ன்வால் தொழிலாளர்கள் வேலை செய்த ஒரு சுரங்க நகரம். அங்கே ஒருவரோடு திருமணம் நிச்சயமானது, மெக்சிகோவில் பண்ணை வாங்க முயன்றார், பணமும் போனது, திருமணமும் நடக்கவில்லை. 1898இல் இங்கிலாந்து திரும்பினார்.

லண்டனில் அவருக்கு ஆதரவாக இருந்தவர் சிறிய தந்தை ஹொப்ஹவுஸ் பிரபு. இந்தியாவில் வைசிரோயின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். ஆட்சிக்கு வெளியே நின்று கத்திய பெண் அல்ல எமிலி என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆள்பவர்களின் வீட்டு மேசையில் இருந்து சாப்பிட்டவர் அவர். பின்னாளில் அவர் மீது அவ்வளவு கோபம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1899 ஒக்டோபரில் யுத்தம் தொடங்கியது. ட்ரான்ஸ்வால், ஒறேஞ்ச் சுதந்திர அரசு என்ற இரண்டு போயர் குடியரசுகளுக்கும் பிரித்தானியப் பேரரசுக்கும் இடையிலான யுத்தம். 1900ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் இரண்டு தலைநகரங்களும் விழுந்துவிட்டன. போயர் படைகள் கெரில்லாக்களாக மாறின. அவர்களுக்குச் சாப்பாடும் செய்தியும் பண்ணைகளிலிருந்து கிடைக்கின்றன என்று இராணுவம் பண்ணைகளை எரிக்கத் தொடங்கியது. கிச்சனர் தளபதியாகப் பொறுப்பேற்ற பிறகு அது ஒரு முறையான திட்டமாயிற்று. வீட்டிலிருப்பவர்களுக்குச் சில நிமிட அவகாசம், பிறகு நெருப்பு. கால்நடைகள் கொல்லப்பட்டன, தானியம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 30,000 பண்ணை வீடுகள் அழிந்தன என்பது பொதுவான கணக்கு. பெண்களும் பிள்ளைகளும் மாட்டுவண்டிகளிலும் நிலக்கரி ஏற்றும் திறந்த ரயில் பெட்டிகளிலும் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

இந்த முகாம்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் அகதி முகாம். சரணடைந்த குடும்பங்கள் சில தாமாக வந்து தங்கியது உண்மைதான். ஆனால் பெரும்பாலானவர்கள் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள், வெளியே போக அனுமதி இல்லாதவர்கள். எமிலி அவர்களைக் கைதிகள் என்றே எழுதினார். 2009இல் வவுனியாவில் ஏறத்தாழ 280,000 பேரை முட்கம்பி வேலிக்குள் வைத்துவிட்டு அதற்கு நலன்புரிக் கிராமம் என்று பெயர் வைத்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரு சொல்லுக்காக அவர் அவ்வளவு வாதாடியதன் பொருள் விளங்கும்.

முதலில் அவருக்கு ஒரேயொரு முகாம் பற்றித்தான் தெரியும். நன்கொடை திரட்ட ஒரு நிதியம் தொடங்கி, 1900 டிசெம்பர் 27ஆம் திகதி கேப்டவுனில் போய் இறங்கினார். இறங்கிய பிறகுதான் முகாம்கள் பல இருக்கின்றன, தொகை கூடிக்கொண்டே போகிறது என்று தெரிந்தது. உயர் ஆணையாளர் மில்னரைச் சந்தித்து அனுமதி கேட்டார். மில்னர் சம்மதித்தார், கிச்சனர் புளூம்பொன்டெய்ன் வரைதான் போகலாம் என்று எல்லை போட்டார். ஒரு ரயில் பெட்டி நிறைய உடுப்பும் உணவும் ஏற்றிக்கொண்டு 1901 ஜனவரி 24ஆம் திகதி அங்கே போய்ச் சேர்ந்தார்.

முகாம் நகரத்துக்கு வெளியே, மரம் இல்லாத மேட்டுச் சரிவில் இருந்தது. மணி வடிவக் கூடாரங்கள். உள்ளே வெயில் தாங்க முடியாது, மழை பெய்தால் தண்ணீர் கீழால் ஓடும். படுப்பதற்குக் கட்டில் இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி உத்தரவு இருந்தது, ஆனால் கொதிக்க வைக்கிற அளவுக்கு விறகு கொடுக்கவில்லை. கணவனோ மகனோ இன்னும் சண்டையில் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நிவாரணம் குறைவு, தொடக்கத்தில் இறைச்சியே இல்லை. வீட்டு ஆண் எங்கே என்பதை வைத்துப் பிள்ளையின் கோப்பையை நிரப்பினார்கள். ஒருநாள் ஒரு கூடாரத்தில் பெண்களோடு கதைத்துக்கொண்டிருந்தபோது விஷப்பாம்பு ஒன்று உள்ளே வந்துவிட்டது, எமிலி தன் குடையால் அதை அடித்தார். அடித்துவிட்டு மீண்டும் இருந்து குறிப்பு எழுதியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர் முதலில் கேட்டவற்றில் ஒன்று சவர்க்காரம். கொடுப்பதற்கான பட்டியலில் அது இல்லை, ஆடம்பரப் பொருள் என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. கடைசியில் ஆளுக்கு மிகச் சிறிய அளவு சவர்க்காரம் அனுமதிக்கப்பட்டது. அடுத்து, ரயில் இயந்திரக் கொதிகலன் ஒன்றைக் கொண்டுவந்து முகாமுக்கு வரும் தண்ணீர் முழுவதையும் கொதிக்க வைத்துக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னார். வைக்கோல், கட்டில், தொட்டி, தாதிமார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். யுத்தம் சரியா பிழையா என்று அதிகாரிகளோடு தர்க்கம் செய்து கொண்டிருந்தால் அவரை அடுத்த ரயிலில் அனுப்பியிருப்பார்கள். சவர்க்காரம் கேட்கிற பெண்ணை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

லிசி வான் சைல் என்ற ஏழு வயதுச் சிறுமியை அவர் அங்கேதான் சந்தித்தார். தகப்பன் சரணடையவில்லை என்பதால் அந்தக் குடும்பம் குறைந்த நிவாரணப் பட்டியலில் இருந்தது. லிசி எலும்பும் தோலுமாகி 1901 மே மாதம் இறந்தாள். அவளுடைய புகைப்படம் இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. அந்தப் படத்துக்கு நடந்தது ஊடகம் படித்த எனக்கு மறக்க முடியாத ஒன்று. பிள்ளையைப் பட்டினி போட்டவள் தாய்தான், தாய் மீது வழக்குப் போடுவதற்காக அதிகாரிகளே எடுத்த படம் அது என்று பிரித்தானியத் தரப்பில் எழுதினார்கள். ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கொனன் டொயில், யுத்தத்தை நியாயப்படுத்தி எழுதிய நூலில் அப்படிச் சொன்னார். அப்படி ஒரு வழக்கே இருக்கவில்லை என்று எமிலி தேடிப் பார்த்து மறுத்தார். மறுப்பைவிடப் பொய்தான் அதிகம் பேரிடம் போனது. இறந்த பிள்ளையின் படத்தைக் காட்டி, இதற்கும் நீங்களேதான் காரணம் என்று பிள்ளையின் சனத்தையே குற்றவாளியாக்குவது எங்களுக்குத் தெரியாத வித்தை அல்ல.

நோர்வல்ஸ்பொன்ட், அலிவால் நோத், ஸ்பிரிங்பொன்டெய்ன், கிம்பர்லி, மபெகிங் என்று அவர் முகாம் முகாமாகப் போனார். எல்லா முகாமும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் நேர்மையாக எழுதினார். நல்ல பொறுப்பதிகாரி இருந்த இடத்தில் சனம் குறைவாகச் செத்தது. ஏப்ரலில் புளூம்பொன்டெய்னுக்குத் திரும்பியபோது, தான் விட்டுப் போனதைப் போல் இரண்டு மடங்கு சனம் அங்கே இருந்தது. ஸ்பிரிங்பொன்டெய்ன் ரயில் நிலையத்தருகே கூடாரம்கூடக் கிடைக்காமல் திறந்த வெளியில் கிடந்தவர்களிடையே, மடியில் பிள்ளை உயிர் விடுவதைப் பார்த்தபடி அசையாமல் இருந்த ஒரு தாயைக் கண்டார். தனியாளாகக் கொடுத்துக் கொடுத்து முடிகிற காரியம் இல்லை என்று அவர் தீர்மானித்தது அந்தக் கட்டத்தில்தான். மே மாதம் கப்பல் ஏறினார். அதே கப்பலில் மில்னரும் பயணம் செய்தார்.

1901 ஜூனில் அறிக்கை வெளிவந்தது. எதிர்க்கட்சித் தலைவர் கம்பெல் பனர்மன் எமிலியை அழைத்து நீண்ட நேரம் கேட்டார். அடுத்த நாளே ஒரு விருந்து மேடையில், தென்னாபிரிக்காவில் நடப்பது காட்டுமிராண்டித்தனம் என்ற பொருள்படப் பகிரங்கமாகப் பேசினார். பாராளுமன்றத்தில் விவாதம் வந்தது. பத்திரிகைகள் பெரும்பாலும் எமிலியைத் தாக்கின. எதிரிக்கு உதவுகிறாள், தேசத் துரோகி, உணர்ச்சிவசப்பட்டவள், திருமணமாகாதவள். கடைசியாகச் சொன்னதற்கும் சவர்க்காரத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அரசாங்கம் செய்தது எங்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. ஆணைக்குழு அமைத்தது. உறுப்பினர்கள் அனைவரும் பெண்கள், ஆனால் எமிலி அதில் இல்லை. தலைவி மில்லிசன்ற் ஃபோசெற், எமிலியின் அறிக்கையை ஏற்கெனவே விமர்சித்து எழுதியவர். அரசாங்கம் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். அந்தப் பெண்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, எமிலி சொன்னவற்றைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தியதோடு அதற்கு மேலும் கேட்டார்கள். ஆணைக்குழுவின் மீது எனக்கு நம்பிக்கை உண்டு என்று இதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். எத்தனை ஆணைக்குழுக்களின் முன்னால் எங்கள் அம்மாமார் படங்களோடு வரிசையில் நின்றிருக்கிறார்கள். ஆனால் அன்று அது ஏதோ ஒரு விதத்தில் வேலை செய்தது.

அதற்குள் சாவு உச்சத்துக்குப் போய்விட்டது. சின்னமுத்து பரவிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. 1901 ஒக்டோபரில் வெள்ளையர் முகாம்களின் இறப்பு வீதம், ஆண்டுக் கணக்கில், ஆயிரத்துக்கு 344. நவம்பரில் முகாம்கள் இராணுவத்திடமிருந்து சிவில் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டன. 1902 பெப்ரவரியில் அந்த வீதம் 69க்கு இறங்கியது. இடையில் புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. கொதித்த தண்ணீர், கூடுதலான உணவு, தாதிமார், இடநெருக்கடி குறைப்பு. எமிலி ஜனவரியில் கேட்டவைதான்.

அவருக்குக் கிடைத்த பதிலும் அதே ஒக்டோபரில்தான் கிடைத்தது. மீண்டும் முகாம்களுக்குப் போக நினைத்துக் கப்பலேறியவரை, 27ஆம் திகதி கேப்டவுன் துறைமுகத்துக்கு வந்ததும் இறங்க விடவில்லை. இராணுவச் சட்டம் அமுலில் இருந்தது. சில நாட்கள் கப்பலிலேயே காவலில் வைத்தார்கள். வேறு கப்பலுக்கு மாறித் திரும்பிப் போகச் சொன்னபோது அவர் நடக்க மறுத்தார். சால்வையால் சுற்றிப் படைவீரர்கள் தூக்கிக்கொண்டு போய்த் துருப்புக் கப்பலில் ஏற்றினார்கள். அப்போது அவர் உடல்நலமில்லாத 41 வயதுப் பெண். பிறகு பிரான்சில் ஒரு ஏரிக்கரையில் தங்கியிருந்து யுத்தத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

1902 மே 31இல் சமாதானம் கையெழுத்தானது. பின்னர் எடுக்கப்பட்ட கணக்கின்படி வெள்ளையர் முகாம்களில் இறந்தவர்கள் 27,927 பேர். அதில் ஆண்கள் 1,676, பெண்கள் 4,177. மிகுதி 22,074 பேர் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். யுத்த களத்தில் செத்த போயர் வீரர்களைவிட இது பல மடங்கு.

இந்த எண்களை ஒன்று விடாமல் எழுத முடிகிறது. கறுப்பின மக்களுக்கென்று தனியாக முகாம்கள் இருந்தன. அதே பண்ணைகளில் வேலை செய்தவர்கள், அதே நெருப்பில் வீடிழந்தவர்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அவற்றில் அடைக்கப்பட்டிருந்தார்கள். பதிவில் உள்ள இறப்பு 14,154. உண்மையான தொகை 20,000க்கும் மேல் என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பதிவேடுகள் ஒழுங்காக வைக்கப்படவில்லை, பல இடங்களில் புதைகுழிகளே அடையாளம் இல்லாமற் போயின. எமிலி அந்த முகாம்களுக்குள் போய் வேலை செய்யவில்லை. அவர்களின் நிலைமையையும் யாராவது பார்க்க வேண்டும் என்று அறிக்கையில் குறிப்பிட்டார், அவ்வளவுதான். அவருடைய நிதியமே போயர் குடும்பங்களுக்காக வந்தது என்றும், நேரமும் சக்தியும் இருக்கவில்லை என்றும் காரணம் சொல்லலாம். அவர் எண்ணிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, எவரும் எண்ணாத பிள்ளைகளுக்கு இன்றைக்கும் மதிப்பீடுதான் இருக்கிறது. முள்ளிவாய்க்காலில் போனவர்களின் தொகையைப் பற்றி ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் கேட்கிற விவாதத்தை இதோடு சேர்த்து யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

முகாமிலிருந்து வெளியே வருவது பற்றி எமிலி அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. இந்தப் பகுதியைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். 1903இல் அவர் திரும்பப் போனார், இந்தத் தடவை இறங்க விட்டார்கள். வண்டியில் பண்ணை பண்ணையாகச் சுற்றினார். கூரையில்லாத சுவர், சுவருக்குள் கூடாரம், உழுவதற்கு ஒரு மாடு இல்லை. இழப்பீடு விண்ணப்பங்களில் இருந்தது, கைக்கு வரவில்லை. அவர் பணம் சேர்த்து உழவுமாட்டுக் கூட்டங்களை வாங்கினார். ஒரு பண்ணையில் உழுது முடித்ததும் மாடுகள் அடுத்த பண்ணைக்குப் போகும். நன்கொடை கொடுத்தவரின் பெயர்ப்பலகை தேவைப்படாத உதவி.

எங்களுக்குப் பன்னிரண்டு தகரமும் 25,000 ரூபாவும் தந்து ஊருக்கு அனுப்பினார்கள். பிறகு தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் வந்தன. ஒரே ஒழுங்கையில் பதினைந்து வீட்டுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது என்று யாரும் கேட்கவில்லை. எமிலி பெண்களுக்கு என்ன தொழில் பழக்கலாம் என்று ஐரோப்பாவில் சரிகைப் பின்னல் வேலையை முதலில் ஆராய்ந்தார். ஆனால் அந்த மண்ணில் கைக்கெட்டிய பொருள் ஆட்டு உரோமம் என்று கண்டு, 1905இல் பிலிப்போலிஸ் என்ற ஊரில் நூல் நூற்கவும் நெய்யவும் பழக்கும் பாடசாலையைத் தொடங்கினார். அது வேறு ஊர்களுக்கும் பரவியது. மூன்று ஆண்டுகளில் இதயம் பலவீனமாகி அவர் நாடு திரும்ப வேண்டியதாயிற்று.

1913 டிசெம்பர் 16ஆம் திகதி புளூம்பொன்டெய்னில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான நினைவுத்தூபி திறக்கப்பட்டது. ஸ்பிரிங்பொன்டெய்னில் கண்ட தாயைப் பற்றி எமிலி சொன்னதைக் கேட்டுத்தான் சிற்பி அன்டன் வான் வோவ் அங்குள்ள சிலையை வடித்தார். திறந்து வைக்க அழைக்கப்பட்டவர் எமிலி. கேப்டவுனிலிருந்து ரயிலில் புறப்பட்டவர் பாதி வழியில் நோயுற்றுத் திரும்பிவிட, அவருடைய உரையை வேறொருவர் வாசித்தார். மன்னிக்கச் சொன்னார். அதோடு, தாங்கள் அனுபவித்ததை இன்னொரு இனத்துக்குச் செய்துவிட வேண்டாம், சுதந்திரத்தை மற்றவர்களுக்கு மறுக்க வேண்டாம் என்றும் அந்த மேடையிலேயே சொல்ல வைத்தார். முகாமில் கறுப்பினப் பிள்ளைகளும் செத்தார்கள் என்பதை நினைவூட்டினார். பிற்காலத்தில் நிறவெறி ஆட்சிக் காலத்தில் உரையை மறுபதிப்புச் செய்தபோது அந்த வரிகளை எடுத்துவிட்டார்கள்.

அந்த டிசெம்பரில் அதே நாட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மூன்று பவுண் தலைவரிக்கு எதிராக நட்டாலில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அவர்களில் தமிழர் ஏராளம். ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை அந்த மாதம் சிறை போனாள். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பெப்ரவரி 22இல், 16 வயதில் இறந்தாள். காந்தியின் போராட்டத்துக்குச் செவிசாய்க்கும்படி எமிலி தன் பழைய நண்பர் ஸ்மட்ஸுக்கு எழுதினார், காந்தியையும் கேப்டவுனில் சந்தித்தார். அந்த ஆண்டு தலைவரி நீக்கப்பட்டது. அது எமிலியால் வந்தது என்று சொல்ல மாட்டேன், வள்ளியம்மை போன்றவர்களால் வந்தது. ஆனால் அடைத்து வைக்கப்பட்டவர்கள் யாராக இருந்தாலும் எழுதிப் போடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

முதலாம் உலகப் போரில் 1916இல் அவர் தனியாக பெர்லினுக்கே போனார். குதிரைப் பந்தயத் திடலில் பிரித்தானியப் பொதுமக்களை அடைத்து வைத்திருந்த ரூலெபன் முகாமைப் பார்த்தார். இரண்டு தரப்பும் அடைத்து வைத்துள்ள பொதுமக்களைப் பரிமாறி விடுவிக்க வேண்டும் என்று லண்டனில் வந்து வாதாடினார். மீண்டும் துரோகிப் பட்டம். யுத்தம் முடிந்ததும் லைப்சிக் நகரத்தில் பசியால் மெலிந்த ஜேர்மன் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் வேலையைத் தொடங்கினார்.

இதற்குள் அவரிடம் பணம் இல்லை. 1921இல் தென்னாபிரிக்காவின் பெண்கள் ஆளுக்கு அரைக் கிரவுண் வீதம் சேர்த்து 2,300 பவுண் அனுப்பினார்கள். கோர்ன்வாலின் கடற்கரையில் வீடு வாங்கத்தான், வேறு எதற்கும் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்களுக்கு அவரைத் தெரியும். முகாமில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் அதில் காசு போட்டிருப்பார்கள்.

எமிலி ஹொப்ஹவுஸ் 1926 ஜூன் 8ஆம் திகதி லண்டனில் இறந்தார். அவர் பிறந்த கோர்ன்வாலில் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அஸ்தி கப்பலில் தென்னாபிரிக்கா போனது. ஒக்டோபர் மாதம், கேப்டவுனில் இறங்க விடாமல் அவரைத் தூக்கிக் கப்பலேற்றி 25 ஆண்டுகள் கழித்து, புளூம்பொன்டெய்ன் நினைவுத்தூபியின் அடியில் அதை வைத்தார்கள்.